கொப்பரைக் களத்தில் கந்தகப் புகை, அப்பத்தாவுக்கு இளைப்பு, ஆனால் ஆப் "நல்ல காற்று" என்று காட்டுகிறது. எதை நம்புவது?

கண்டனூர்ப் பேரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடிக்குப் பக்கம். எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டினாற்போல் ஒரு கொப்பரைக் களம் இருக்கிறது, இடையில் வண்டி போகிற சந்து மட்டும்தான். நடத்துகிறவர் எங்களுக்குப் பங்காளி முறை, நல்லது கெட்டதில் ஒன்றாக நிற்கிற குடும்பம். அதனால்தான் எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாமல் இங்கே கேட்கிறேன்.

வெயில் காலத்தில் ஒரு தொந்தரவும் கிடையாது. ஐப்பசி கார்த்திகை அடைமழை பிடித்தால்தான் ஆரம்பிக்கும். காயாத தேங்காய்ப் பருப்பைக் கொட்டகைக்குள் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே ஒரு தகரத் தட்டில் கந்தகத்தைக் கொளுத்தி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ராத்திரியில். தீக்குச்சி உரசினால் வருமே அந்த வாடை, அதுவே வீடு முழுக்க வந்து நின்றுகொண்டு தொண்டையைக் கமறும், கண் எரியும். எங்களுக்கெல்லாம் இருமலோடு போய்விடுகிறது. அப்பத்தாவுக்கு ஏற்கெனவே இளைப்பு. புகை போடுகிற ராத்திரிகளில் உட்கார்ந்தபடியே விடிகிறது அவர்களுக்கு.

சித்தப்பாவிடம் (களத்துக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சொன்னேன். அவர் தன் போனில் காற்றுத் தர ஆப்பைத் திறந்து காட்டினார். சல்ஃபர் டை ஆக்சைடு (கந்தகம் எரிந்தால் வருகிற வாயு) 4, பச்சை நிறம், "நல்லது". "பார்த்தியாப்பா, கவர்மெண்டே நல்ல காத்துன்னு சொல்லுது, கந்தகம் மருந்துச் சரக்குதானே, சித்த வைத்தியத்துல உள்ளுக்கே குடுப்பாக" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த 4 என்பது உண்மையா? உண்மையென்றால் அப்பத்தாவுக்கு ஏன் இப்படி ஆகிறது? வீட்டுக்குள் நாங்கள் என்ன செய்யலாம்? கேட்டுப் பார்த்தும் நிற்கவில்லை என்றால் யாரிடம் போவது? இன்னொன்று, பின்கட்டுச் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு பொரிப் பொரியாக எழும்பி உதிர்கிறது, ஜன்னல் கம்பியும் அந்தப் பக்கம் மட்டும் சீக்கிரம் துரு ஏறுகிறது. இதற்கும் புகைக்கும் சம்பந்தம் உண்டா?

---

ஆலை லேப்

தம்பி, நான் கந்தக அமில ஆலை ஒன்றில் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வாயுவோடுதான் வேலைக்காலம் முழுவதும் போனது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 4. பக்கத்தில் அளவை நிலையம் இல்லாத ஊர்களுக்கு இந்த ஆப்கள் காட்டுவது யாரும் அங்கே நின்று அளந்த எண் இல்லை. ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் போன்ற அமைப்புகள் உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் போடுகிற கணக்கு அது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதாவது காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், நடுவிலுள்ள கண்மாய், பொட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். செயற்கைக்கோளும் இருக்கிறது, 2017-ல் ஏவிய சென்டினல்-5பி, அது நம் தலைக்கு மேல் கடப்பது பகல் ஒன்றரை மணி வாக்கில். உங்கள் சித்தப்பா கந்தகம் கொளுத்துவது ராத்திரி. ஆக, அந்த 4 பொய் இல்லை, ஆனால் உங்கள் பின்கட்டைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

இன்னொன்றும் பாருங்கள், அந்த 4 எந்த அலகில் என்று. சில ஆப்கள் ஒரு கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று காட்டும், சில பிபிபி (காற்றில் நூறு கோடியில் இத்தனை பங்கு) என்று காட்டும், சில குறியீட்டு எண்ணாக மாற்றிக் காட்டும். சல்ஃபர் டை ஆக்சைடுக்கு 1 பிபிபி என்றால் சுமார் 2.6 மைக்ரோகிராம். இரண்டு போனில் இரண்டு எண் வந்து குடும்பத்துக்குள் வாக்குவாதம் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, கொளுத்தும்போது என்ன நடக்கிறது? ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ வாயு வரும். எரியும்போது தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் அப்படி. நம் நாட்டில் 2009-ல் வகுத்த தரம், 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த இரண்டு கிலோ வாயுவை 80 அளவுக்கு நீர்க்க வைக்க வேண்டுமானால் இரண்டரைக் கோடி கனமீட்டர் காற்று வேண்டும். மழை விட்ட ராத்திரியில் காற்று அசையாமல் நிற்கும், தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று மேலே எழும்பாது. அந்த நேரத்தில் ஒரு சந்து அகலத்தில் அவ்வளவு காற்றுக்கு எங்கே போவது?

வாடையை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். இந்த வாயு சாதாரண மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் காற்றில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு அளவுக்காவது இருக்க வேண்டும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அது கனமீட்டருக்கு 1,300 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் பத்து நிமிடத்துக்கு 500 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. அதாவது வாடை தெரிகிறது என்றாலே அந்த வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயாயிற்று. கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது என்றால் அதற்கும் மேலே. அப்பத்தாவின் மூச்சுதான் இங்கே அளவைக் கருவி, ஆப் இல்லை. இதைச் சித்தப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

சித்த மருந்துச் சமாச்சாரம் வேறு. அது சுத்தி செய்த கந்தகம், எரித்தால் வருகிற வாயு இல்லை. எரித்தபின் அது வேறு பொருள். ஈரத்தில் கரைந்து அமிலமாக மாறுகிற பொருள். மூச்சுக்குழாய்க்குள் இருப்பது முழுக்க ஈரம்தான்.

---

செவிலி, தேவகோட்டை

மேலே சொன்னதற்கு உடம்புப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். மூச்சுப் பிரிவில் வேலை பார்த்த அனுபவம் உண்டு.

இந்த வாயு தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுகிறவருக்குப் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். வாயால் மூச்சு வாங்கினால் அந்தத் தடுப்பு போய்விடுகிறது, நேரே கீழே இறங்குகிறது. இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்க சில நிமிடங்களே போதும், மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாத அளவிலும் சுருங்கும். சுருங்கினால் மூச்சு வாங்கும், வாங்கினால் வாயைத் திறப்பார்கள், திறந்தால் இன்னும் உள்ளே போகும். அப்பத்தா ராத்திரி உட்கார்ந்தே விடிவது இப்படித்தான். "வயசாச்சு, மழைக்காலம், சளி" என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்றால், நம் ஊர் வீட்டில் ஜன்னலை மூடினால் போதாது. வளவுக்கு நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அந்த வாயு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கசிந்து தரையோடு வரும், சுற்றிலும் சுவர் இருக்கிற முற்றத்தில் வந்து தங்கவும் செய்யும். ஆகவே அப்பத்தாவை வளவுத் திண்ணையிலோ பட்டாலையிலோ படுக்க வைக்காதீர்கள். களத்துக்கு எதிர்ப்பக்கம், முகப்பை ஒட்டி, கதவு இறுக மூடுகிற அறை ஒன்றை மழைக்காலத்துக்கு அவர்களுக்கு ஒதுக்குங்கள். கதவுக்கு அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வையுங்கள். சாத்தியமானால் புகை போடுகிற ராத்திரிக்கு வேறு உறவு வீட்டில் தங்க வைப்பது இதைவிட மேல்.

துணி மாஸ்க், என்95 இரண்டும் தூசியைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதை நம்பி அப்பத்தாவை அங்கேயே உட்கார வைக்க வேண்டாம்.

சால்பியூட்டமால் இன்ஹேலர் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் தலைமாட்டில் இருக்கட்டும். வயதானவர்களுக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒரே சமயத்தில் கைவராது, ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டுகிற குழாய்) வாங்கி மாட்டிக் கொடுங்கள். இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலம் பூத்தது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த ராத்திரி புகை போட்டார்கள், எத்தனை மணிக்கு வாடை வந்தது, அப்பத்தாவுக்கு எப்போது ஆரம்பித்தது, இன்ஹேலர் எத்தனை முறை. டாக்டருக்கும் உதவும், பின்னால் யாரிடமாவது முறையிட நேர்ந்தால் அதற்கும் உதவும்.

கேட்காத ஒன்று. உலர்ந்த திராட்சை, உலர்ந்த பழ வகை, சில பாட்டில் பழரசம் இவற்றில் இதே வகைப் பொருளைப் பதப்படுத்தச் சேர்க்கிறார்கள், பாக்கெட்டில் 220 முதல் 228 வரை எண் போட்டிருக்கும். இளைப்பு உள்ளவர்களில் சிலருக்கு அதைச் சாப்பிட்டாலே இழுப்பு வரும். அப்பத்தாவுக்கு அப்படி இருக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

---

புதுவயல் ரமணன்

எங்கள் பக்கம் அரிசி ஆலைப் புகைதான் பிரச்சினை. துணி காயப்போட்டால் கரி, மாடியில் கரி, பிள்ளைகளுக்கு இருமல். அதுவும் இதே வாயுதானா?

---

ஆலை லேப்

@புதுவயல் ரமணன், இல்லை. நெல் அவிக்கிற பாய்லரில் எரிப்பது உமி, அதில் கந்தகம் மிகக் குறைவு. உங்கள் மாடியில் விழுவது எரிந்தும் எரியாததுமான உமிச் சாம்பல். அதிலுள்ள நுண்துகளும் நுரையீரலுக்குக் கெடுதல்தான், சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதற்கு மருந்து வேறு: புகைபோக்கியில் துகள் பிடிக்கிற சாதனம். கந்தக வாயு வருவது கந்தகமுள்ள எரிபொருளிலிருந்து: நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, ஃபர்னஸ் ஆயில், கப்பல் எண்ணெய், அப்புறம் தாமிரம் மாதிரி கந்தகக் கனிமத்தை உருக்குகிற ஆலைகள். டீசல் லாரியை எல்லோரும் திட்டுவார்கள், ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகைத் தரம் வந்தபின் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான்.

---

சிங்கம்புணரித் தென்னந்தோப்பு

எல்லோரும் களத்துக்காரரை ஒரு மாதிரியாகப் பேசுகிறீர்கள். நானும் கொப்பரை போடுகிறவன்தான், ஆகவே அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் என் முடிவும் "புகை வேண்டாம்" என்பதுதான், அது வேறு.

உடைத்த பச்சைப் பருப்பில் பாதி தண்ணீர். அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் கொப்பரை. நல்ல வெயிலில் ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிடும். நடுவில் அடைமழை பிடித்தால் அடுத்த நாளே வழுவழுப்பு, அப்புறம் பச்சைப் பூசணம், மஞ்சள் பூசணம். அது வெறும் அழுக்கு இல்லை, சில பூசணம் நச்சு விடும், எண்ணெயும் காறிப் போகும். ஒரு லாரித் தேங்காயை உடைத்துப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் வயிற்றில் என்ன இருக்கும் என்று அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும். கந்தகம் மலிவு. ஒரு ராத்திரி புகை போட்டால் பூசணம் நிற்கும், பருப்பும் வெள்ளை வெளேர் என்று இருக்கும், வியாபாரி அந்த வெள்ளைக்கு விலை கூட்டித் தருகிறார். அதனால் போடுகிறார்கள், அக்கம்பக்கத்தாரைக் கொல்லவேண்டும் என்று இல்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். புகை பருப்பைக் காய வைப்பதில்லை. ஈரம் அப்படியே உள்ளே இருக்கும், பூசணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மறுபடி வெயில் வேண்டும். அப்புறம் அந்தக் கந்தகம் கொஞ்சம் பருப்பிலேயே தங்கும், ஆட்டினால் எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் போகும். முதலில் பாதிக்கப்படுவது யார் தெரியுமா? தட்டைப் பற்றவைத்துத் தார்ப்பாயை இழுத்து மூடுகிற கூலியாள், காலையில் தார்ப்பாயைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைகிறவர். எங்கள் களத்தில் நெடுநாள் இருந்த பெரியவர் ஒருவர் காலை வேளையில் பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். அவரைப் பார்த்துத்தான் நான் நிறுத்தினேன்.

மாற்று இருக்கிறது. ஒன்று, சூரியக் கூடார உலர்த்தி. பாலிகார்பனேட் தகடு வேய்ந்த கூடாரம், உள்ளே தட்டு அடுக்கு, காற்றை வெளியேற்ற மின்விசிறி. மழை உள்ளே விழாது, மூடாப்பு நாளிலும் வெளியைவிட உள்ளே சூடு இருக்கும், தூசி ஈ எறும்பு கிடையாது. வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் தருகிறது. இரண்டு, கொட்டாங்குச்சி எரிக்கிற உலர்த்தி. காசர்கோட்டில் இருக்கிற மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்த வகையை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. அதில் புகை ஒரு குழாயில் தனியாக வெளியே போய்விடும், சூடான காற்று மட்டும் பருப்பில் படும், அதனால் கரி வாடை ஏறாது. எரிபொருளுக்குத் தனிச் செலவு இல்லை, உடைத்த தேங்காயிலேயே கொட்டாங்குச்சி கிடைக்கிறது. அடைமழை நாட்களுக்கு இதுதான் சரி, கூடாரத்துக்கு வெயில் கொஞ்சமாவது வேண்டும்.

உங்கள் சித்தப்பாவிடம் "நிறுத்துங்க" என்று போனால் அவர் நஷ்டக் கணக்கைத்தான் எடுப்பார். "புகை போட்ட பிறகும் எத்தனை மூட்டை கழிவாச்சு" என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

---

சுண்ணாம்புப் பூச்சு

செட்டிநாட்டு வீடுகளைப் பழுது பார்க்கிற தொழில் எனக்கு. சுவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சுண்ணாம்புப் பூச்சு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாக இறுகுகிறது, அதாவது கால்சியம் கார்பனேட், சலவைக் கல்லும் அதேதான். ஈரமான சுவரில் கந்தக வாயு பட்டால் அந்தக் கார்பனேட் ஜிப்சமாக மாறும். ஜிப்சத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் வேண்டும், அதனால் தோல் போல எழும்பிப் பொரியும். சுண்ணாம்புக் கல்லைவிடத் தண்ணீரில் எளிதாகக் கரையவும் செய்யும், அடுத்த மழையில் கரைந்து போகும், உள்ளே இருக்கிற புதுப்பூச்சு வெளியே வரும், மறுபடி அதே கதை. தாஜ்மகாலைச் சுற்றியுள்ள ஆலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் இடம் மாற வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதற்கு, இப்படிப்பட்ட அமில வாயுக்கள் சலவைக் கல்லை அரிக்கும் என்ற கவலைதான் காரணம்.

நம் ஊரில் கடைசிப் பூச்சு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்து இழைத்தது, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறவரை தண்ணீர் அதில் நிற்காது. மேல்தோல் தேய்ந்த இடத்தில்தான் சேதம் தொடங்கும். தயவுசெய்து அந்த இடத்தில் சிமெண்ட் பூசிவிடாதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், அடுத்த வருடம் பக்கத்துச் சுவரும் சேர்ந்து விழும். முதலில் கீழேயிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பாருங்கள், அதுவும் இதே போலப் பொரிய வைக்கும். களத்தைப் பார்த்த சுவரில் மட்டும், இடுப்புக்கு மேலேயும் பொரிகிறது என்றால் புகையின் மேல் சந்தேகம் வலுக்கிறது. புகை நின்ற பிறகு சுண்ணாம்பாலேயே பூசுங்கள். நிற்காமல் பூசினால் பணம் வீண்.

கம்பித் துருவும் அப்படியே. இரும்பின் மேல் ஈரப் படலம் இருக்கும்போது இந்த வாயு கரைந்தால் துரு பல மடங்கு வேகம் எடுக்கும். நம் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) உலோக அரிமானத்தையே பெரிய துறையாக வைத்து ஆராய்கிறார்கள், மண்டபத்தில் கடல் காற்றில் உலோகத் தகடுகளை மாட்டி வைத்துப் பார்க்கிற நிலையம்கூட அவர்களுக்கு உண்டு. கம்பியைச் சுரண்டித் துரு எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, அதற்கு மேல் பெயிண்ட்.

---

நெய்வேலி ஷிஃப்ட்

சொந்த ஊர் தேவகோட்டை, வேலை அனல் மின் நிலையத்தில். பூச்சுக்காரர் சொன்ன அதே ரசாயனத்தைத்தான் புகைபோக்கியில் வேண்டுமென்றே செய்கிறோம். சுண்ணாம்புக் கல்லை அரைத்துக் கூழாக்கிப் புகையில் தெளித்தால் கந்தக வாயு அதைப் பிடித்து ஜிப்சமாகிவிடும், 90 சதவீதத்துக்கு மேல் வாயு நின்றுவிடும், ஜிப்சத்தைச் சிமெண்ட் ஆலைக்கு விற்கலாம்.

இதை எல்லா நிலக்கரி மின் நிலையங்களிலும் வைக்க வேண்டிய அளவுக்குக் கடுமையான வரம்பை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் கொண்டுவந்தது, கெடு 2017. அப்புறம் கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் நிலையங்களில் முக்கால் பங்குக்கு மேல் இதிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். பெருநகரங்களுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் 2027 கடைசி வரை கெடு. சொன்ன காரணத்தில் முக்கியமானது, நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, ஊர்களில் அளந்த காற்றிலும் இந்த வாயு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது.

இதை நான் ஏற்கவில்லை, காரணம் இந்தத் திரியில் பேசுகிற அதே விஷயம்தான். வாயு காற்றில் ஓரிரு நாள்தான் வாயுவாக இருக்கும். அப்புறம் சல்ஃபேட் துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, நுண்துகள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். அப்போது சல்ஃபர் டை ஆக்சைடு என்ற இடத்தில் எண் சின்னதாகத்தான் தெரியும். சித்தப்பா போனில் 4 என்று காட்டியதும், நாட்டுச் சராசரியைக் காட்டி விலக்கு கொடுத்ததும் எனக்கு ஒரே மாதிரிதான் படுகிறது. புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறவனின் ராத்திரி சராசரியில் வராது. லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து நின்றதில் செத்தவர்கள் நாலாயிரம் என்று முதலில் சொன்னார்கள், பிற்கால ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை போயின. வருடச் சராசரி எடுத்தால் அந்த ஐந்து நாள் எங்கே தெரியும்?

---

ஆலை லேப்

மின் நிலையம் பெரிய விவாதம், அதற்குத் தனித் திரி போடுவோம். தம்பி கேட்ட "யாரிடம் போவது" இன்னும் பாக்கி இருக்கிறது.

பேச்சுவார்த்தை முதலில். பலிக்கவில்லை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள், 1981-ஆம் வருடக் காற்றுச் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம், ரசீது கிடைக்கும். குடியிருப்புக்கு நடுவில் உடல்நலத்துக்குக் கேடான தொழில் நடந்தால் நிறுத்தச் சொல்லி உத்தரவு போடுகிற அதிகாரம் சார் ஆட்சியருக்கு உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. உங்களுக்குத் தேவகோட்டை சார் ஆட்சியர் அலுவலகம். செவிலியம்மா சொன்ன நோட்டின் நகலை மனுவோடு இணையுங்கள்.

அளக்க வந்தால் ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள். பகலில் வந்து கருவியை வைத்துவிட்டுப் போனால் ஒன்றும் வராது. காற்றை ஒரு கரைசலுக்குள் இழுத்து, அதில் நிறம் ஏறுவதை வைத்துக் கணக்கிடுகிற முறைதான் இதற்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாதிரி என்று எடுப்பார்கள். புகை போடுகிற ராத்திரியில், உங்கள் முற்றத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், நான்கு மணி நேர எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். 24 மணி நேரச் சராசரியாகக் கொடுத்தால் பகல் காற்று ராத்திரிப் புகையை விழுங்கிவிடும்.

---

கண்டனூர்ப் பேரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பத்தாவை முகப்புப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம். ஆத்தா நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள், ஸ்பேசரும் வாங்கியாயிற்று.

சித்தப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து உட்கார வைத்து, லேப் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். வாடைக் கணக்கு வந்த இடத்தில் பேச்சு நின்றுவிட்டது அவருக்கு. "களத்துல வேலை பாக்குற பொம்பளப் பிள்ளைகளும் இருமுதுகப்பா" என்று அவரே சொன்னார். இந்த மழைக்குப் புகை போடாமல் பருப்பை என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை. சிங்கம்புணரி அண்ணே, கொட்டாங்குச்சி உலர்த்தியை ஓட்டிப் பார்க்க உங்கள் பக்கம் வந்தால் காட்ட முடியுமா? சித்தப்பாவையே கூட்டி வருகிறேன். கார்த்திகை பிறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

---

சிங்கம்புணரித் தென்னந்தோப்பு

தாராளமாக வாங்க தம்பி. உடைத்த பருப்பு ஒரு மூட்டையும் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். அவர் சரக்கையே போட்டு, காய எவ்வளவு நேரம் ஆகிறது, கொட்டாங்குச்சி எவ்வளவு எரிகிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். மானியத்துக்கு நிலச் சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், போகிற வழியில் பொறியியல் துறை ஆபீசிலும் கேட்டுவிடலாம். ராத்திரி தங்கிப் பார்க்கிற மாதிரி வந்தால் நல்லது, முழுச் சுற்று ஒன்று ஓட அவ்வளவு நேரம் ஆகும்.